தாத்தா அடகு வைத்த நிலம்

வட கரோலினா மாநிலத்தின் லிட்டில்டன் வட்டாரத்தில் மிட்செல் ராஸ் என்ற விவசாயி இருந்தார். ஆற்று வெள்ளம் வயல்களை அடித்துக்கொண்டு போன ஆண்டுகளில் அவர் தன் நிலத்தை அடகு வைப்பார். அந்தப் பணத்தில், விளைச்சலைப் பறிகொடுத்த குடும்பங்களின் சாப்பாட்டுக்கு வழி செய்வார். பிறகு பாடுபட்டுக் கடனை அடைப்பார். மறுபடி வெள்ளம் வந்தால் மறுபடி அடகு.

அவர் அடகு வைத்தது பரம்பரைச் சொத்து இல்லை. ராஸ் அடிமையாக இருந்து உழைத்த அதே பண்ணையின் ஒரு பகுதி அது. விடுதலைக்குப் பிறகு விலை கொடுத்து வாங்கியது. அவருடைய மனைவி ஜோசஃபீன் எலிசபெத்தும் அடிமையாகப் பிறந்தவர். எஜமானி காட்டிய ஆளைக் கட்டிக்கொள்ள மறுத்ததற்காக வீட்டு வேலையிலிருந்து வயலுக்குத் துரத்தப்பட்டவர். தான் விரும்பிய ராஸையே மணந்தார். பகல் முழுக்க ஏர் பிடித்துவிட்டு இரவு முழுக்க ஆடுவேன் என்று பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளிடம் சொல்வாராம். இப்படிப்பட்ட இருவர் சம்பாதித்த மண்ணைத்தான் ஊருக்காக ஈடு வைத்தார்கள்.

ராஸ் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகரும்கூட. ஆராதனை நேரத்தில் மேடையில் தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுச் சின்னப் பேத்தியை உட்கார வைப்பார். 'கிராண்ட் லேடி' என்று கூப்பிடுவார். 1903இல் பிறந்த அந்தப் பேத்தி எலா பேக்கர், பின்னாளில் அமெரிக்கக் கறுப்பின விடுதலைப் போராட்டத்தின் தலையாய அமைப்பாளர்களில் ஒருவரானார். அந்த ஊரில் தான் பார்த்தவற்றை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றுதான் இருக்கும். அது பண்ணை பண்ணையாகப் போகும். போகிற இடமெல்லாம் ஊரே கூடி வேலை செய்யும். மனைவியை இழந்த விவசாயி ஒருவர் பக்கத்தில் இருந்தார். எலாவின் தாய், துவைத்த துணிகளைக் கொடுத்து அந்த வீட்டுக்கு மகளை அனுப்புவார். சிறுமி போய் அந்தப் பிள்ளைகளைத் துரத்திப் பிடித்துக் குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டு வருவாள்.

இன்று 'உஜமா' என்ற ஸ்வாஹிலிச் சொல்லால் கறுப்பின அமெரிக்கர்கள் குறிப்பிடுகிற கூட்டுறவுப் பொருளாதாரத்தின் வேர், இந்த மாதிரியான வீடுகளில்தான் இருக்கிறது. சட்டமும் வங்கியும் கைவிட்ட ஒரு சமூகத்தில், பொதுப்பணத்துக்குக் காவல் யார்? கெட்டுப்போன ஆண்டில் ஊருக்கு ஈடு நிற்பது யார்? இந்த இரு கேள்விகளுக்கும் அந்தச் சமூகம் தன் மூத்தோரைத்தான் கைகாட்டியது. அந்தப் பொறுப்பை அவர்கள் எப்படிச் சுமந்தார்கள், எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பது இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு.

மாதம் ஒரு ஷில்லிங்

மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களிடம் 'எசூசூ' என்ற வழக்கம் உண்டு. நம்மூர்ச் சீட்டைப் போன்றதுதான். குழுவாகச் சேர்ந்து ஒவ்வொருவரும் குறித்த தொகை போடுவார்கள். முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களின் கையில் காசு இல்லை, ஆனால் இந்தக் கணக்கு மனத்தில் இருந்தது. டிரினிடாடில் அது 'சூசூ' ஆனது. ஜமைக்காவில் 'பார்ட்னர்' என்றார்கள். எழுத்துப் பத்திரம் இல்லாத இந்த ஏற்பாடு, சீட்டை நடத்துகிறவரின் சொல் ஒன்றையே நம்பி ஓடியது. ஆகவே பல இடங்களில் அந்த வேலை, ஊருக்கே தெரிந்த மூத்த பெண் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது.

வட அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் இதே உள்ளுணர்வைச் சங்கமாக எழுதிவைத்தார்கள். 1780இல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகரில் ஆப்பிரிக்க ஐக்கிய சங்கம் எழுந்தது. 1787 ஏப்ரல் 12இல் ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கிய ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் இருவருமே அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்றவர்கள்.

அந்தச் சங்கத்தின் விதிகளைப் படித்தால் கண்டிப்பான ஒரு தாத்தாவின் குரல் கேட்கும். மாதம் ஒரு வெள்ளி ஷில்லிங் சந்தா. ஓராண்டு கட்டிய உறுப்பினர் நொடித்துப்போனால் வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் உதவி. ஆனால் அந்த வறுமை அவருடைய ஊதாரித்தனத்தால் வந்திருக்கக் கூடாது. குடித்துவிட்டு ஒழுங்கு தவறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். விதவைக்கு உதவித்தொகை உண்டு. தகப்பனில்லாத பிள்ளைக்குப் படிப்பு, இல்லையென்றால் ஒரு கைத்தொழில். உறுப்பினர்கள் கொடுத்த காசுக்குக் கணக்கு கேட்டதோடு, ஒருவர் வாழ்க்கைக்கு மற்றவர் கணக்கு கேட்கும் உரிமையையும் எழுதிவைத்தார்கள்.

1793இல் ஃபிலடெல்ஃபியாவை மஞ்சள் காய்ச்சல் சூறையாடியபோது வசதி படைத்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆலனும் ஜோன்ஸும் தங்கள் ஆட்களைத் திரட்டி, கறுப்பர் வெள்ளையர் பார்க்காமல் நோயாளிகளைக் கவனித்தார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். இறந்தவரை மரியாதையாக அனுப்பிவைப்பது இந்தச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் முதற்கடமை. அடிமைக் காலத்தில் ஒருவனுக்குத் தன் உடம்புகூடச் சொந்தமில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஒரு பெட்டி, நான்கு தோள்கள், பேர் சொல்லி ஒரு ஜெபம் இவை கிடைத்தால் அவன் மனிதனாகச் செத்தான் என்று அர்த்தம். அதற்காகத்தான் பாமர மக்கள் வாரக்கூலியில் காசு எடுத்துவைத்தார்கள்.

உள்நாட்டுப் போர் முடிகிற தறுவாயில், 1865 மார்ச்சில், விடுதலை பெற்றவர்களுக்காக ஒரு சேமிப்பு வங்கிக்கு அமெரிக்க காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று நம்பிக் கூலிக்காரர்களும் சலவைக்காரர்களும் போர்வீரர்களும் பணம் போட்டார்கள். நிர்வாகிகளோ அதை ஊக வியாபாரத்தில் விட்டார்கள். 1874இல் வங்கி மூழ்கியபோது 61,000க்கும் மேற்பட்டவர்களின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. கடைசி மாதங்களில் தலைவராக அமர்த்தப்பட்ட ஃபிரெடரிக் டக்ளஸ் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த தலைமுறை முழுக்க வங்கி என்ற சொல்லே கசந்தது. அந்தக் கசப்பை மாற்றியவர் ஒரு சலவைக்காரியின் மகள்.

முப்பத்தொரு சென்ட் வாடிக்கையாளர்

மேகி லீனா வாக்கர் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். தாய் எலிசபெத் அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர். குடும்பத் தலைவன் இறந்தபின் ஊராருக்குத் துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். சலவைக் கூடையை வீடுவீடாகச் சுமந்து போனது சிறுமி மேகி. பதினான்கு வயதில் அவர் புனித லூக்கா சங்கத்தில் சேர்ந்தார். நோயாளிகளுக்கு உதவவும் இறந்தவரை அடக்கம் செய்யவும் 1867இல் மேரி பிரவுட் என்ற கறுப்பினப் பெண் பால்டிமோரில் தொடங்கிய சங்கம் அது.

1899இல் மேகி அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது கஜானாவில் இருந்தது 31 டாலர் 61 சென்ட். அவர் அதை வைத்து மூன்று காரியங்களை அடுத்தடுத்துச் செய்தார். 1902இல் பத்திரிகை. 1903 நவம்பர் 2இல் புனித லூக்கா பென்னி சேமிப்பு வங்கி. 1905இல் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி. வங்கி திறந்த முதல் நாளே சுமார் 280 பேர் வந்து 9,000 டாலருக்கு மேல் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வரிசையில் 31 சென்ட்டுடன் வந்து கணக்குத் தொடங்கியவரும் உண்டு. மேகியைப் பொறுத்தவரை அவரும் பங்காளிதான்.

சங்கத்தின் மூத்த பெண்கள் இங்கே செய்த வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்தோறும் கிளைகளில் பிள்ளைகளுக்கென ஒரு பிரிவு இருந்தது; அதைப் பார்த்துக்கொண்டது தாய்மார்களும் பாட்டிமார்களும். பிள்ளைகள் கையில் சிறு உண்டியல் கொடுப்பார்கள். பென்னி பென்னியாகச் சேர்ந்து ஒரு டாலர் ஆனதும் அந்தப் பிள்ளையின் பேரில் வங்கிக் கணக்கு. காசு சேர்ப்பதைக் கற்றுத்தந்த அதே கூட்டத்தில் சுத்தமும் கடவுள் பக்தியும் இனத்தின் பெருமையும் சொல்லித்தந்தார்கள். பெரியவர்களுக்கு அது வீட்டுக்கடன் தரும் இடமானது. 1920 வாக்கில் அந்த வங்கியின் உதவியால் ரிச்மண்டில் சுமார் 600 கறுப்பினக் குடும்பங்கள் சொந்த வீடு வாங்கியிருந்தன. துணி துவைத்தே முதுகு வளைந்த பெண்கள் தங்கள் பேரில் பத்திரம் வைத்திருந்தார்கள்.

அங்காடி நிலைக்கவில்லை. வெள்ளை வணிகர்கள் ஒன்றுகூடி, மொத்த வியாபாரிகள் அங்கே சரக்கு தரக் கூடாது என்று நெருக்கினார்கள். சில ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. வங்கியோ பொருளாதாரப் பெருமந்தத்தையும் தாண்டியது. 1930இல் வேறு இரு கறுப்பின வங்கிகளோடு இணைந்து கன்சாலிடேட்டட் வங்கியாக மாறியது. நடமாட்டம் இழந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட பிறகும் மேகி அதன் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1934இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லை.

ஒரு சலவைக்காரிக்குச் சிறை

மூத்தோர் ஊரைக் காப்பாற்றுகிறார்கள் என்றால், மூத்தோரைக் காப்பாற்றுவது யார்? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் டென்னசி மாநிலத்தின் கால்லி ஹவுஸ். அடிமையாகப் பிறந்தவர், கணவரை இழந்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய், தொழில் சலவை. தங்கள் வாழ்நாளில் பாதியைக் கூலியில்லாமல் அடித்துப் பிடுங்கப்பட்ட கிழவர்களும் கிழவிகளும் சுற்றிலும் பட்டினி கிடந்ததை அவர் பார்த்தார். போர்வீரர்களுக்கு ஓய்வூதியம் தருகிற அரசு இவர்களுக்கும் தர வேண்டும் என்றார். 1898இல் நாஷ்வில்லில் முன்னாள் அடிமைகளுக்கான பரஸ்பர உதவி, ஓய்வூதியச் சங்கம் முறைப்படி உருவானது.

அந்தச் சங்கம் இரண்டு காலில் நின்றது. ஒரு பக்கம் காங்கிரஸுக்கு மனு. மறுபக்கம் உள்ளூர்க் கிளைகளின் சந்தாவிலிருந்து முடியாத முதியவர்களுக்கு மருந்துச் செலவு, இறந்தவர்களுக்கு அடக்கச் செலவு. மனு ஜெயிக்காவிட்டாலும் சவப்பெட்டிக்குக் காசு இருக்கும். லட்சக்கணக்கான ஏழைகள் இதில் சேர்ந்தது வாஷிங்டனைக் கலங்கடித்தது. தபால் துறை 1899இலேயே சங்கத்தின் கடிதங்களைத் தடுத்து நிறுத்தியது. கிடைக்காத ஓய்வூதியத்தைக் கிடைக்கும் என்று சொல்லி ஏமாற்றியதாக 1917இல் கால்லி ஹவுஸுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வெளியே வந்தவர் மறுபடி துணி துவைத்துப் பிழைத்து 1928இல் இறந்தார். முதியவர்களுக்காகச் சந்தா வாங்கியது குற்றம் என்று ஒரு அரசாங்கம் தீர்ப்பு வாங்கியது. அந்தத் தீர்ப்பு இன்றும் அந்த நாட்டுக்கு அவமானம்.

ஃபுண்டி

இதற்கிடையே அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் கறுப்பின மக்களின் கூட்டு முயற்சிகளைத் தேடித் தேடிப் பட்டியலிட்டு 1907இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் வழியே வெளியிட்டார். திருச்சபை, பள்ளி, ஈமச்சங்கம், கல்லறைத் தோட்டம், காப்பீடு, வங்கி என்று விரிந்த அந்த ஆய்வில் கூட்டுறவுத் தொழில்கள் மட்டும் 154. தனித்தனி முயற்சிகளாகத் தெரிந்தவை ஒரே வேரின் கிளைகள் என்று அவர் நிரூபித்தார்.

லிட்டில்டன் பேத்தி அப்போது சின்னக் குழந்தை. 1927இல் கல்லூரிப் படிப்பை முடித்து நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்த எலா பேக்கர், பெருமந்தத்தின் நடுவே தாத்தாவின் பாடத்தை நகரத்துக்குப் பொருத்திப் பார்த்தார். 1930 டிசம்பரில் பத்திரிகையாளர் ஜார்ஜ் ஸ்கைலர் முன்முயற்சியில் இளம் நீக்ரோக்கள் கூட்டுறவுக் கழகம் அமைந்தது. எலா அதன் தேசிய இயக்குநரானார். ஒரு ரொட்டிக் கடையோ மளிகைக் கடையோ திறப்பதற்கு முன்னால் உறுப்பினர்கள் உட்கார்ந்து கூட்டுறவு என்றால் என்ன என்று படிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கண்டிப்பு.

கழகத்தில் சேர வயது வரம்பு இருந்தது: 18 முதல் 35 வரை. பெரியவர்கள் பழைய வழியிலேயே போகிறார்கள், தலைமையை விட்டுத்தர மாட்டேன் என்கிறார்கள் என்ற இளைஞர்களின் கோபம் அதில் இருந்தது. கோபத்தில் நியாயமும் இருந்தது. பல சங்கங்கள் அடக்கச் செலவைத் தாண்டிச் சிந்திக்க மறுத்தன. பல போதகர்கள் சபையின் பணத்தைத் தங்கள் பணமாகவே பாவித்தார்கள். கையில் நிதி இல்லாமல் அந்தக் கழகம் சில ஆண்டுகளில் தேய்ந்துபோனாலும், மூத்தவர் எப்போது விலகி நிற்க வேண்டும் என்ற கேள்வியை எலா தன்னோடு எடுத்துக்கொண்டார்.

அதற்கு அவர் விடை சொன்னது 1960 ஏப்ரலில். நிறப்பாகுபாட்டை எதிர்த்து உணவகங்களில் உட்கார்ந்து போராடிய மாணவர்களை அவர் வட கரோலினாவின் ஷா பல்கலைக்கழகத்தில் கூட்டினார். வயது 56. பெரிய தலைவர்களின் அமைப்புகள் இந்த மாணவர்களைத் தங்கள் இளைஞர் அணியாகச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தன. எலா குறுக்கே நின்றார். பிள்ளைகள் தங்கள் அமைப்பைத் தாங்களே நடத்தட்டும் என்றார். அப்படிப் பிறந்ததுதான் எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழு. கூட்டங்களில் அவர் பின்வரிசையில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சு தடம் புரண்டால் ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். ஒரே ஆளை நம்பி நிற்கிற இயக்கம் அந்த ஆளோடு விழும் என்பது அவருடைய உறுதியான கருத்து. பிற்காலத்தில் இளைஞர்கள் அவரை 'ஃபுண்டி' என்றார்கள். ஸ்வாஹிலியில், தான் கற்ற தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கிற கைவினைஞருக்கு அந்தப் பெயர்.

ஸ்வாஹிலிச் சொற்கள் அப்போது அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்தன. டாங்கனீக்காவின் (பின்னாளில் தான்சானியா) தலைவர் ஜூலியஸ் நியரேரே 1962இல் 'உஜமா' பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். குடும்ப உணர்வு என்று பொருள் தரும் அந்தச் சொல்லைக் கொண்டு அவர் ஆப்பிரிக்கச் சோசலிசத்தை விளக்கினார். மரபான ஆப்பிரிக்கச் சமூகத்தில் முதியவர் உட்கார்ந்து தின்பவரைப் போலத் தெரியலாம். உண்மையில் அவர் இளமையில் உழைத்து ஓய்ந்தவர். அவரிடம் இருக்கும் செல்வம் குழு முழுவதும் விளைவித்தது, அவர் அதன் காவலர். ஆகவே ஏழை முதியவருக்கும் பணக்கார முதியவருக்கும் ஒரே மரியாதை. இது அவருடைய வாதம். 1966இல் கலிஃபோர்னியாவில் மௌலானா கரேங்கா வகுத்த குவான்சா பண்டிகையில் உஜமா நான்காவது கொள்கையாக இடம்பெற்றது. டிசம்பர் 29இல் அதற்கான மெழுகுவத்தி ஏற்றப்படுகிறது. பண்டிகையில் முன்னோரை நினைத்து நீர் வார்ப்பதைப் பெரும்பாலும் குடும்பத்தின் மூத்தவர் செய்கிறார்.

சொல் பின்னால் வந்தது. செயல் முன்பே இருந்தது. சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தான்சானியாவே சாட்சி. ருவுமா வட்டாரத்தில் விவசாயிகள் தாங்களாகவே கட்டிய கூட்டுறவுக் கிராமங்களின் சங்கத்தை ஆளுங்கட்சி 1969இல் கலைத்தது. எழுபதுகளில் லட்சக்கணக்கானவர்களைக் கட்டாயமாகப் புதுக் கிராமங்களுக்கு நகர்த்தியது. விளைச்சல் சரிந்தது. அதிகாரியின் உத்தரவால் குடும்ப உணர்வு வராது.

சினைப் பன்றி வங்கி

எஸ்.என்.சி.சி. இளைஞர்கள் 1962 ஆகஸ்டில் மிசிசிப்பியின் ரூல்வில்லுக்குப் போனபோது அவர்கள் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். வயது 44. இருபது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. ஆறு வயதில் பருத்திக் காட்டுக்குப் போனவர். ஒரு சமயம் அவருடைய பெற்றோர் எப்படியோ மிச்சம் பிடித்துக் கோவேறு கழுதைகளும் மாடுகளும் வாங்கினார்கள். குத்தகை விவசாயி என்ற நிலையிலிருந்து கொஞ்சம் தலை நிமிரும் நேரம். அக்கம்பக்கத்து வெள்ளையர் ஒருவர் தீவனத் தொட்டியில் விஷம் கலந்துவிட்டார். எல்லாம் செத்தன. குடும்பம் அதிலிருந்து மீளவே இல்லை. அறுவடை முடிந்த வயல்களில் சிதறிக் கிடக்கும் பருத்தியைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் தாய் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்.

அந்த ஆகஸ்டு 31இல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காக ஹேமர் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த பண்ணையிலிருந்து அன்றிரவே துரத்தப்பட்டார். அடுத்த ஆண்டு வினோனா சிறையில் அவர் பட்ட அடியால் சிறுநீரகம் கெட்டது. இவ்விரண்டுக்கும் இடையே வந்த குளிர்காலத்தில் பக்கத்து லெஃப்லோர் வட்டாரத்தில் வாக்குரிமை கேட்ட மக்களைப் பழிவாங்க, ஏழைகளுக்கான அரசு உணவுப்பொருள் விநியோகம் நிறுத்தப்பட்டது. வயிற்றைப் பிடித்து நெருக்கினால் வாக்கு விழாது என்பது அங்கே பண்ணையாளர்களின் கணக்கு.

ஹேமர் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். கொல்லையில் பன்றியும் தோட்டத்தில் காயும் இருக்கும் குடும்பத்தை எவனும் மிரட்ட முடியாது என்றார். டாரத்தி ஹைட் தலைமையில் இருந்த நீக்ரோ பெண்கள் தேசிய மன்றம் பன்றிகளைக் கொடுக்க, பன்றி வங்கி தொடங்கியது. நடைமுறை மிக எளிது. ஒரு குடும்பத்துக்குச் சினைப் பன்றி ஒன்று கொடுக்கப்படும். ஈனும்வரை அவர்கள் தீனி போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். குட்டிகள் அவர்களுக்கு. பிறகு வளர்ந்த குட்டிகளில் சிலவற்றைத் திருப்பித் தர வேண்டும். அவை அடுத்த குடும்பத்துக்குப் போகும். வட்டி குட்டி போடும் என்பது நம்மூர்ப் பேச்சு. அங்கே அசலே குட்டி போட்டது, அதுவும் ஊருக்காக.

1969இல் 40 ஏக்கரில் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவு எழுந்தது. பிறகு மேலும் 640 ஏக்கர் சேர்ந்தது. பட்டாணி, பீன்ஸ், வெள்ளரி, கீரை இவை சாப்பாட்டுக்கு. பருத்தியும் சோயாவும் கடன் தவணைக்கு. மாதச் சந்தா ஒரு டாலர். அதையும் கட்ட முடிந்தவை 30 குடும்பங்கள்தான். பெயரளவில் சேர்ந்திருந்தவை 1,500 குடும்பங்கள். காசு கட்டாதவர்களுக்கும் கீரை போனது. இப்படிச் செய்தால் கணக்கு நிற்குமா என்று கேட்பவர்கள், ரூல்வில்லின் பசியை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

கணக்கு நிற்கவில்லைதான். எழுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தன. நன்கொடை திரட்டுவது முழுக்க ஹேமரின் பேச்சை நம்பியே நடந்தது. அவர் உடம்பு தளர்ந்தபோது பணமும் வற்றியது. 1976க்குள் நிலம் கைவிட்டுப் போனது. 1977 மார்ச் 14இல் அவரும் போய்ச் சேர்ந்தார். வயது 59. எலா பேக்கர் எச்சரித்தது இதைத்தான். மேகி வாக்கரின் சங்கத்தில் பொறுப்பு ஊர் ஊராக நூற்றுக்கணக்கான பெண்கள்மீது பரவியிருந்தது. ரூல்வில்லில் அது அடிபட்ட ஒரே உடம்பின்மீது ஏறியிருந்தது. இரு முயற்சிகளின் ஆயுளும் வேறுபட்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

திரும்பி வந்த மண்

எலா பேக்கரிடம் பழகிய இளைஞர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஷெராட். 1961இல் எஸ்.என்.சி.சி. ஊழியராக ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனிக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வாக்காளராகப் பதிவு செய்த குற்றத்துக்காகப் பண்ணைகளிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களுக்குப் போக இடமில்லை. நிலம் பொதுவில் இருந்தால் யாரும் யாரையும் விரட்ட முடியாது என்று அவரும் மனைவி ஷெர்லியும் தோழர்களும் முடிவெடுத்தார்கள். 1968இல் ஷெராட் உள்ளிட்ட குழு இஸ்ரேலுக்குப் போய், பொதுநிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு விடும் முறையைப் பார்த்துவந்தது. அவர்களோடு சேர்ந்து திட்டம் வகுத்த ராபர்ட் ஸ்வானுக்கு வினோபா பாவேயின் கிராம தான இயக்கம் ஒரு முன்மாதிரி. இந்தியக் கிராமங்களில் நடந்த ஒரு பரிசோதனை ஜார்ஜியாவின் கறுப்பின விவசாயிகளைத் தொட்டது இப்படித்தான்.

1969இல் நியூ கம்யூனிட்டீஸ் என்ற பெயரில் சுமார் 5,700 ஏக்கர் வாங்கினார்கள். அன்றைய அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கையில் இருந்த மிகப் பெரிய ஒற்றை நிலப்பரப்பு அது. நிலக்கடலை, சோளம், சோயா, தர்பூசணி, திராட்சை விளைந்தன. நெடுஞ்சாலை ஓரத்தில் கடை போட்டு விற்றார்கள். எழுபதுகளின் இறுதியில் வறட்சி வந்தபோது, மற்ற விவசாயிகளுக்கு அரசு தந்த அவசரக் கடன் இவர்களுக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. 1985இல் நிலம் ஏலத்தில் போனது.

இது தனிக்கதை இல்லை. 1920இல் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகள் 9,25,000க்கு மேல் இருந்தார்கள். நூற்றாண்டின் இறுதியில் அந்த எண்ணிக்கை 20,000க்கும் கீழே. கடன் மறுப்பும் மிரட்டலும் வாரிசுச் சிக்கலும் சேர்ந்து ஒரு விவசாயச் சமூகத்தையே மண்ணிலிருந்து பெயர்த்தன. எஞ்சியவர்களைக் காக்க 1967இல் 22 கூட்டுறவுகள் சேர்ந்து தொடங்கிய தென்மாநிலக் கூட்டுறவுக் கூட்டமைப்பு இன்றும் வழக்கு, பயிற்சி, கடன் என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

நியூ கம்யூனிட்டீஸ் ஆட்கள் நிலத்தை இழந்தும் சங்கத்தைக் கலைக்கவில்லை. பாகுபாட்டுக்காக வேளாண் துறைமீது கறுப்பின விவசாயிகள் தொடுத்த பெரிய வழக்கில் 1999இல் சமரசம் ஏற்பட்டது. அதில் தங்கள் கோரிக்கையை விடாமல் நடத்தினார்கள். ஏலம் போய் இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 2009இல், சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு வந்தது. வாலிபத்தில் நிலம் வாங்கியவர்கள் அப்போது தலை நரைத்த பெரியவர்கள். பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டு அவரவர் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் மறுபடி நிலம் வாங்கினார்கள். 2011இல் ஆல்பனிக்கு அருகே 1,638 ஏக்கர். 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜியாவின் பெரும் அடிமை உடைமையாளர்களில் ஒருவருக்குச் சொந்தமாயிருந்த தோட்டம் அது. அதற்கு ரெசோரா என்று புதுப்பெயர் வைத்தார்கள். அங்கே பிக்கான் கொட்டை மரங்கள் காய்க்கின்றன. இளம் விவசாயிகளுக்குப் பயிற்சி நடக்கிறது. சார்ல்ஸ் ஷெராட் 2022 அக்டோபரில் தமது 85ஆவது வயதில் காலமானார். நிலம் சங்கத்தின் பேரில்தான் இருக்கிறது.